கொடியால் பிரிந்த நண்பர்கள்

அவர் உயரம் 7 அடி 1 அங்குலம். சாதாரண வீட்டு வாசலில் நிமிர்ந்து நுழைய முடியாது. தலை இடிக்கும்! முகத்தில் தாடி. உதட்டில் எப்போதும் ஒரு சிரிப்பு.

பெயர், விலாடே டிவாட்ஸ். செர்பிய நாட்டுக்காரர். கூடைப்பந்து ஆடுவதுதான் அவர் தொழில். அமெரிக்காவில் 16 ஆண்டுகள் ஆடிப் பேரும் பணமும் சம்பாதித்தார். உலக சாம்பியன் பட்டத்தை 2 முறை வென்ற கோஷ்டியிலும் இருந்தார்.

இவ்வளவு இருந்தும், அவர் நெஞ்சில் ஒரு முள் குத்திக்கொண்டே இருந்தது. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, 20 ஆண்டுகள்! உலக சாம்பியன் பட்டம் கிடைத்த அதே நாளில் தைத்த முள் அது.

அது என்ன முள்?

மலைநாட்டுப் பையன்

டிவாட்ஸ் 1968-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 3-ந் தேதி பிறந்தார். ஊர், பிரியெபோல்யே. லிம் என்ற ஆற்றின் கரையில், மலைகளுக்கு நடுவே இருக்கும் சிற்றூர். இன்று அது செர்பிய நாட்டில் இருக்கிறது. அவர் பிறந்தபோது அந்த நாட்டுக்குப் பெயர் யுகோஸ்லாவியா.

யுகோஸ்லாவியாவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கதை விளங்காது.

அது 6 குடியரசுகள் சேர்ந்த நாடு. செர்பியா, குரோஷியா, போஸ்னியா, ஸ்லோவேனியா, மாசிடோனியா, மாண்டிநீக்ரோ என்பவை அந்த 6 குடியரசுகள். செர்பியர் பேசுவது குரோஷியருக்குப் புரியும். குரோஷியர் பேசுவது செர்பியருக்குப் புரியும். ஆனால் மதப் பிரிவு வேறு. பழைய சரித்திரமும் வேறு. பழைய பகையும் உண்டு. மார்ஷல் டிட்டோ என்ற தலைவர் எல்லோரையும் ஒரே நாடாகக் கட்டிக் காத்தார். 1980-ம் ஆண்டில் அவர் இறந்துபோனார். கட்டு மெல்ல மெல்லத் தளர ஆரம்பித்தது.

சிறுவன் டிவாட்ஸுக்கு இதெல்லாம் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது பந்து ஒன்றுதான்.

கூடைப்பந்தில் பக்கத்துக்கு 5 பேர் ஆடுவார்கள். தரையிலிருந்து 10 அடி உயரத்தில் ஒரு இரும்பு வளையம் இருக்கும். அதற்குள் பந்தைப் போட வேண்டும். நெட்டையானவருக்கு அது சுலபம். ஆனால் நெட்டையானவர் பெரும்பாலும் மெதுவாக ஓடுவார். பந்தைத் தட்டிக்கொண்டு போகவும் தடுமாறுவார். டிவாட்ஸ் அப்படி இல்லை! குட்டையான ஆட்டக்காரரைப்போல் ஓடினார். தன் ஆட்களுக்குப் பார்த்துப் பார்த்துப் பந்து கொடுத்தார்.

ஆட்டத்துக்காகச் சின்ன வயதிலேயே வீட்டை விட்டுக் கிராலியெவோ என்ற ஊருக்குப் போனார். அங்கே "ஸ்லோகா" என்ற கோஷ்டியில் ஆடினார். 1986-ம் ஆண்டில், தலைநகர் பெல்கிரேடின் பெரிய கோஷ்டியான "பார்ட்டிசான்" அவரை அழைத்துக்கொண்டது. அதே ஆண்டில் தேசியக் கோஷ்டியிலும் இடம் கிடைத்தது. அப்போது வயது 18.

112 புள்ளிகள்!

தேசியக் கோஷ்டியில் ஒரு இளைஞர் இருந்தார். பெயர், டிராசன் பெட்ரோவிச். டிவாட்ஸை விட 3 வயது மூத்தவர். குரோஷியர். ஷிபெனிக் என்ற கடற்கரை ஊர்க்காரர்.

பெட்ரோவிச்சின் பெயரை அன்று யுகோஸ்லாவியாவில் அறியாதவர் இல்லை. 1985-ம் ஆண்டில் ஒரே ஆட்டத்தில் அவர் 112 புள்ளிகள் எடுத்தார்! (அன்று எதிர்க்கோஷ்டியில் ஆடியவர்கள் சின்னப் பையன்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் 112 என்பது 112தான்.) விடியற்காலையில் எழுந்து, ஆள் இல்லாத கூடத்தில் தனியாகப் பந்து போட்டுப் பழகுவார். மற்றவர்கள் வருவதற்குள் நூற்றுக்கணக்கான முறை போட்டிருப்பார்.

டிவாட்ஸோ வேடிக்கைப் பிரியர். சிரிப்பதும் சிரிக்க வைப்பதும் அவர் சுபாவம். பயிற்சியில் பெட்ரோவிச்சுக்கு இருந்த வெறி அவருக்கு இல்லை. இப்படி இரண்டு பேருக்கும் எப்படி ஒத்துப்போனது? அது அப்படித்தான். பல வீடுகளில் அண்ணன் ஒரு தினுசு, தம்பி ஒரு தினுசு இல்லையா? தேசியக் கோஷ்டி வெளியூர் போகும்போது இருவரும் ஒரே அறையில் தங்குவார்கள்.

1986-ம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டில் உலக சாம்பியன் பந்தயம் நடந்தது. அரை இறுதி ஆட்டத்தில் யுகோஸ்லாவியாவும் சோவியத் ரஷ்யாவும் மோதின. முடிய ஒரு நிமிடம்கூட இல்லை. யுகோஸ்லாவியா 9 புள்ளிகள் முந்தி நின்றது. வெற்றி கைக்கு வந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

ரஷ்யர்கள் தொலைவில் நின்று பந்தைப் போட்டார்கள். 3 புள்ளி! மறுபடி போட்டார்கள். மறுபடி 3! அந்தச் சமயத்தில் பந்து டிவாட்ஸிடம் வந்தது. பத்திரமாகப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் போதும். பையன் பதறிவிட்டார். தட்டி நிறுத்திய பந்தை மறுபடியும் தட்டினார். அது விதிப்படி குற்றம். பந்து ரஷ்யர் கைக்குப் போயிற்று. அவர்கள் மூன்றாவது முறையும் போட்டு, ஆட்டத்தைச் சமப்படுத்தினார்கள். கூடுதல் நேரத்தில் 91-90 என்று ஜெயித்தும் விட்டார்கள்.

18 வயதுப் பையன் தாங்கக்கூடிய அடியா அது? ஆனால் அவரைக் கோஷ்டியிலிருந்து யாரும் தள்ளிவிடவில்லை. 1988-ம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவுக்கு வெள்ளிப் பதக்கம். 1989-ம் ஆண்டில் ஐரோப்பிய சாம்பியன் பட்டம். அந்தப் பந்தயம் நடந்தது குரோஷியாவின் தலைநகரான ஜாக்ரெப் நகரில். குரோஷிய ரசிகர்கள் டிவாட்ஸுக்காகக் கை தட்டினார்கள்!

அமெரிக்காவில் இரண்டு பேர்

அமெரிக்காவில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டுதோறும் புதிய ஆட்டக்காரர்களைப் பெரிய கோஷ்டிகள் வரிசைப்படி பொறுக்கி எடுக்கும். 1989-ம் ஆண்டில் 26-வது ஆளாக டிவாட்ஸை எடுத்தது லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் "லேக்கர்ஸ்" கோஷ்டி. புகழ் பெற்ற மேஜிக் ஜான்சன் ஆடிய கோஷ்டி அது.

டிவாட்ஸுக்கு அப்போது இங்கிலீஷ் சரியாக வராது. புது மனைவியோடு புது ஊருக்குப் போய் இறங்கினார். அந்த ஊர்ப் பேச்சு வேறு, சாப்பாடு வேறு, ஆடும் முறையும் வேறு. பொதுவாக, கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல் இருக்கும். டிவாட்ஸ் அசரவில்லை. சிரித்துச் சிரித்தே எல்லோரையும் சிநேகம் பிடித்துக்கொண்டார். முதல் ஆண்டிலேயே, புதுமுகங்களில் சிறந்த ஐவரில் ஒருவர் என்று பெயர் வாங்கிவிட்டார்.

அதே ஆண்டில் பெட்ரோவிச்சும் அமெரிக்கா வந்தார். அவர் சேர்ந்தது போர்ட்லாந்து நகரக் கோஷ்டியில். ஐரோப்பாவில் ராஜாவாக இருந்தவர், இங்கே பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்! அவருக்கு முன்னால் பெரிய ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். ஆட அழைப்பு வருமா வருமா என்று பார்த்துப் பார்த்து மனம் நொந்துபோனார்.

இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தூரம். ஆனால் டெலிபோன் இருந்தது. தினம் தினம் இருவரும் பேசினார்கள். ஒருவர் குறையை ஒருவர் கேட்டார்கள். தாய்மொழியில் அழவும் சிரிக்கவும் அந்த நாட்டில் அவர்களுக்கு வேறு யார் இருந்தார்கள்?

ஒரு நொடி

1990-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். அர்ஜென்டினா நாட்டின் தலைநகரான போனஸ் அயர்ஸில் உலக சாம்பியன் பந்தயம். இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது அதே சோவியத் ரஷ்யா!

இந்தத் தடவை பதற்றம் இல்லை. யுகோஸ்லாவியா 92, ரஷ்யா 75. உலக சாம்பியன்!

ஆட்டக்காரர்கள் கட்டிப் புரண்டார்கள். ரசிகர்கள் மைதானத்துக்குள் ஓடி வந்தார்கள். ஓடி வந்தவர்களில் ஒருவர் கையில் ஒரு கொடி இருந்தது. அது யுகோஸ்லாவியக் கொடி அல்ல, குரோஷியக் கொடி.

அந்த ஆண்டில்தான் குரோஷியாவில் தேர்தல் நடந்திருந்தது. தனி உரிமை கேட்டவர்கள் ஜெயித்திருந்தார்கள். நாடு உடையுமோ என்ற பேச்சு எங்கும் இருந்தது. ஒரு துணி அன்று வெறும் துணி அல்ல.

டிவாட்ஸ் அவரைத் தடுத்தார். இது எல்லோருடைய வெற்றி, இந்தக் கொடி இங்கே வேண்டாம் என்றார். அந்த மனிதர் யுகோஸ்லாவியக் கொடியைப் பற்றிக் கேவலமாக ஏதோ சொன்னாராம். டிவாட்ஸ் சட்டென்று கொடியைப் பிடுங்கினார்.

அவ்வளவுதான் நடந்தது. ஒரு நொடி!

அதைக் கேமரா படம் பிடித்தது. செர்பியாவில் டிவாட்ஸை வீரர் என்று கொண்டாடினார்கள். குரோஷியாவில் துரோகி, வெறியர் என்று தூற்றினார்கள். அன்று அது செர்பியக் கொடியாக இருந்திருந்தாலும் பிடுங்கியிருப்பேன் என்று டிவாட்ஸ் பிற்பாடு பலமுறை சொன்னார். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கேட்கத்தான் ஆள் இல்லை.

எல்லோரும் திட்டியது கூட அவருக்குப் பெரிதில்லை. பெட்ரோவிச் பேச்சை நிறுத்திக்கொண்டார். அதுதான் தாங்கவில்லை.

மணி அடித்த டெலிபோன் மௌனமாயிற்று. 1991-ம் ஆண்டில் பெட்ரோவிச் நியூ ஜெர்சி கோஷ்டிக்கு மாறினார். லேக்கர்ஸும் நியூ ஜெர்சியும் மோதும்போது இருவரும் ஒரே மைதானத்தில் நின்றார்கள். ஒரே அறையில் படுத்து எழுந்தவர்கள், அன்னியரைப்போல் ஆடிவிட்டுப் போனார்கள்.

பெட்ரோவிச்சையும் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அவர் பிறந்த மண்ணின் கொடி அது. அவர் வீடும் உறவும் அங்கே இருந்தன. அங்கேதான் அடுத்த ஆண்டு குண்டு விழுந்தது.

நாடு உடைந்தது

1991-ம் ஆண்டு ஜூன் மாதம் 25-ந் தேதி. குரோஷியாவும் ஸ்லோவேனியாவும் தனி நாடுகள் என்று அறிவித்துவிட்டன.

அந்தச் சமயத்தில் யுகோஸ்லாவியக் கோஷ்டி ரோம் நகரில் ஐரோப்பிய சாம்பியன் பந்தயத்தில் ஆடிக்கொண்டிருந்தது. ஸ்லோவேனிய ஆட்டக்காரர் ஒருவர் பந்தயத்தின் நடுவிலேயே கோஷ்டியை விட்டு விலக நேர்ந்தது. மற்றவர்கள் ஆடி ஜெயித்தார்கள். பழைய யுகோஸ்லாவியா ஒன்றாக ஆடியது அதுதான் கடைசி. பெட்ரோவிச் அந்தப் பந்தயத்துக்கு வரவில்லை.

பிறகு யுத்தம். முதலில் குரோஷியாவில்; அடுத்த ஆண்டில் போஸ்னியாவிலும். போஸ்னியாவில் மட்டும் ஏறத்தாழ 1 லட்சம் பேர் மாண்டார்கள். லட்சக்கணக்கானவர்கள் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். நேற்று வரை பக்கத்து வீட்டில் உப்பு, சர்க்கரை கைமாற்று வாங்கியவர்கள் இன்று துப்பாக்கி தூக்கினார்கள்.

1992-ம் ஆண்டு பார்சலோனா ஒலிம்பிக். பெட்ரோவிச் குரோஷியாவுக்காக ஆடினார். இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவிடம் தோற்றாலும் வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. புது நாட்டுக்கு அது எவ்வளவு பெரிய சந்தோஷம்! டிவாட்ஸின் நாட்டுக்கோ கோஷ்டியாக ஆட அனுமதியே இல்லை. யுத்தத்தின் காரணமாக ஐக்கிய நாடுகள் சபை தடை போட்டிருந்தது.

என்றாவது ஒரு நாள் சண்டை முடியும். கோபம் ஆறும். அன்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். இப்படித்தான் டிவாட்ஸ் எண்ணிக்கொண்டிருந்தார்.

மழையில் ஒரு கார்

1993-ம் ஆண்டு ஜூன் மாதம் 7-ந் தேதி. குரோஷியக் கோஷ்டி போலந்து நாட்டில் ஆடிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. வழியில் ஜெர்மனியில் விமானம் மாற வேண்டும். மற்றவர்கள் விமானத்தில் ஏறினார்கள். பெட்ரோவிச் மட்டும் ஒரு காரில் புறப்பட்டார்.

நல்ல மழை. பாதை வழுக்கியது. சாலையின் குறுக்கே ஒரு லாரி நின்றுவிட்டது. கார் அதில் மோதியது.

பெட்ரோவிச் உயிர் அங்கேயே போயிற்று. வயது 28. அந்த ஆண்டில்தான் அமெரிக்காவின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள் வரிசையில் அவர் பெயர் வந்திருந்தது. ஆட்டம் ஒன்றுக்குச் சராசரி 22 புள்ளிகள் எடுத்திருந்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர், தன் முயற்சியால் அந்த நிலைக்கு வந்திருந்தார்.

ஜாக்ரெப் நகரின் மிரோகோய் இடுகாட்டில் அவரை அடக்கம் செய்தார்கள். ஊரே திரண்டு அழுதது. டிவாட்ஸ் போகவில்லை. அவர் போகக்கூடிய ஊராக அது அன்று இல்லை.

பேச வேண்டியதைப் பேசாமலே ஒருவர் போய்விட்டார். அன்று தொடங்கி அந்த முள் இன்னும் ஆழமாகத் தைத்தது.

சிரித்த முகம்

டிவாட்ஸ் ஆட்டத்தை விடவில்லை. 1995-ம் ஆண்டில் தடை நீங்கி, செர்பியாவும் மாண்டிநீக்ரோவும் மட்டும் மிஞ்சிய யுகோஸ்லாவியாவுக்காக ஏதென்ஸ் நகரில் ஆடி, ஐரோப்பிய சாம்பியன் ஆனார். மூன்றாம் இடம் குரோஷியாவுக்கு. அவர்கள் பதக்கத்தை வாங்கிக்கொண்டு, யுகோஸ்லாவிய கீதம் பாடும் முன்பே மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டார்கள். அவர்களில் சிலர் டிவாட்ஸின் பழைய கூட்டாளிகள்!

1996-ம் ஆண்டில் ஒரு வேடிக்கை நடந்தது. லேக்கர்ஸ் கோஷ்டி டிவாட்ஸை ஷார்லட் நகரக் கோஷ்டிக்குக் கொடுத்துவிட்டு, மாற்றாக ஒரு 17 வயதுப் பையனை வாங்கத் தீர்மானித்தது. டிவாட்ஸுக்குக் கோபம். லாஸ் ஏஞ்சல்ஸை விட்டுப் போவதைக் காட்டிலும் ஆட்டத்தையே விட்டுவிடுகிறேன் என்றார். பிறகு மனம் மாறிச் சம்மதித்தார். அந்தப் பையன் யார் தெரியுமா? கோபி பிரையன்ட்! பிற்காலத்தில் உலகமே கொண்டாடிய கோபி பிரையன்ட்! அன்று டிவாட்ஸ் பிடிவாதமாக நின்றிருந்தால் கூடைப்பந்துச் சரித்திரமே மாறியிருக்கும்.

1999-ம் ஆண்டில் சாக்ரமென்டோ நகரக் கோஷ்டியில் சேர்ந்தார். அவர் ஆட்டத்தின் பொற்காலம் அதுதான். எதிரி லேசாக உரசினாலே, அடித்து வீழ்த்தப்பட்டவரைப்போல் தொப்பென்று விழுவார்! நடுவர் ஊதுவார். ரசிகர்கள் சிரிப்பார்கள். எதிர்க்கோஷ்டிக்காரர்கள் பல்லைக் கடிப்பார்கள். இது நியாயமா என்றால், நியாயம் இல்லைதான்.

2002-ம் ஆண்டில் பழைய லேக்கர்ஸுடனேயே பெரும் போட்டி. ஒரு ஆட்டத்தில் கடைசி நொடி. பந்து வளையத்துக்குப் பக்கத்தில் துள்ளியது. ஆபத்தைத் தவிர்க்க டிவாட்ஸ் அதைத் தூரத் தட்டிவிட்டார். பந்து நேராக எதிரி ஒருவர் கைக்குப் போயிற்று. அவர் அங்கிருந்தே போட்டார். 3 புள்ளி! லேக்கர்ஸ் 100-99 என்று ஜெயித்தது. 1986-ல் ஒன்று, இது ஒன்று. ஆனால் அதே ஆண்டில் உலக சாம்பியன் பட்டம் இரண்டாம் முறை கிடைத்தது. அமெரிக்காவை அமெரிக்க மண்ணிலேயே தோற்கடித்தார்கள்!

2005-ம் ஆண்டில் ஓய்வு பெற்றார். மொத்தம் 13,398 புள்ளிகள். சாக்ரமென்டோ கோஷ்டி அவருடைய 21-ம் எண் சட்டையை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று 2009-ம் ஆண்டில் அறிவித்தது. அமெரிக்காவின் கூடைப்பந்து மேதைகள் மண்டபத்தில் 2002-ம் ஆண்டிலேயே பெட்ரோவிச்சின் பெயர் ஏறியிருந்தது. 2019-ம் ஆண்டில் டிவாட்ஸின் பெயரும் ஏறியது. டெலிபோனில் பேசாதவர்களின் பெயர்கள் இப்போது ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன.

சம்பாதித்த பணத்தில் நல்ல காரியமும் செய்தார். யுத்தத்தில் வீடு இழந்தவர்களுக்குக் கிராமங்களில் வீடு கிடைக்க அவரும் மனைவியும் ஒரு தரும ஸ்தாபனம் வைத்து உதவினார்கள். பெற்றோரை இழந்த ஒரு பெண் குழந்தையைத் தங்கள் மகளாகவே வளர்த்தார்கள்.

ஜாக்ரெப் தெருவில்

யுத்தம் முடிந்து 10 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் டிவாட்ஸ் ஜாக்ரெப் நகருக்குப் போகவில்லை. கடைசியில் துணிந்து புறப்பட்டார். அந்தப் பயணத்தை அமெரிக்க டெலிவிஷன் கம்பெனி ஒன்று படம் எடுத்து, 2010-ம் ஆண்டில் வெளியிட்டது.

7 அடி மனிதர் கூட்டத்தில் மறைய முடியுமா? தெருவில் நடந்தபோது ஜனங்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பார்வைகளில் எல்லாம் அன்பு இருந்தது என்று சொல்ல முடியாது.

பெட்ரோவிச்சின் தாயார் பிஸெர்கா அம்மையாரிடம் போனார். அண்ணன் அலெக்சாண்டரும் இருந்தார். அந்த அம்மாள் என்ன சொல்வாரோ என்ற பயம் டிவாட்ஸுக்கு. கதவைச் சாத்தியிருந்தாலும் யாரும் குறை சொல்ல முடியாது.

அம்மாள் கதவைச் சாத்தவில்லை. மகனின் பழைய சிநேகிதனை அருகே உட்கார வைத்துப் பேசினார்.

அதன் பிறகு டிவாட்ஸ் மிரோகோய் இடுகாட்டுக்குப் போனார். நண்பரின் சமாதி முன்னால் தனியாக நின்றார். அங்கே வைப்பதற்கு ஒரு பொருள் கொண்டு வந்திருந்தார். அது ஒரு பழைய புகைப்படம். அதில் இரண்டு இளைஞர்கள் சேர்ந்து நிற்கிறார்கள்.